ஒத்தைச்சாமி சொன்னால் சரி

எங்கள் வீட்டில் யார் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்று யாராவது கணக்கெடுக்க வந்தால், முதலிடம் ஒரு பழைய சாக்ஸுக்குத்தான் போகும். இரண்டாவது என் அம்மா. அப்புறம் என் மனைவி, மகள், மகன், பால்காரர். சினிமா போஸ்டரில் கடைசி வரியில் ‘மற்றும் பலர்’ என்று போடுவார்களே, அந்தப் பலரில் ஒருவன் நான்.

சாக்ஸின் பெயர் ஒத்தைச்சாமி. பிறப்பால் அது என் மகனுடைய பள்ளிக்கூடச் சாக்ஸ். வாங்கும்போது வெள்ளை, இப்போது அது இருக்கும் நிறத்தை எந்தப் பெயின்ட் கடையும் விற்பதில்லை. ஜோடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. உலகத்தில் எந்த வீட்டிலும் இரண்டு சாக்ஸும் சேர்ந்து தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒன்று ஓடிப்போகும், இன்னொன்று குடும்பப் பொறுப்போடு வீட்டிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்ததுதான் இன்றைக்குப் பொத்தான் கண்ணும் அட்டை வாயுமாக எங்கள் சொந்தபந்தம் முழுக்கப் பிரபலமாகியிருக்கிறது.

இதற்கு மூல காரணம் மழை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு வந்து நனைத்துவிட்டுப் போகும். நாம் துணி காயப்போட்டு எடுப்பதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து நிற்கும். அடைமழைக்குப் பள்ளி விடுமுறை என்று அறிவிப்பு வந்ததும் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். பத்து மணிக்குள் சந்தோஷம் தீர்ந்துவிடும். பதினொரு மணிக்குச் சண்டை. அன்றைக்குக் கரண்டும் இல்லை, கேபிளும் இல்லை. மகள்தான் அலமாரியைக் குடைந்து அந்தச் சாக்ஸை எடுத்துக் கையில் மாட்டினாள். அது வாயைத் திறந்து, “இந்த வீட்ல சாப்பாடு எப்ப?” என்றது. என் அம்மா திரும்பிப் பார்த்து, “இந்தா ஆயிட்டுப்பா” என்று பதில் சொன்னாள். அதே கேள்வியை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் கேட்டிருந்தேன். “கையும் காலும் இருக்குல்லா, போய்ப் பாரு” என்பது எனக்குக் கிடைத்த பதில்.

நான் சிந்திக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

வீட்டில் கிடக்கும் துணியில் பொம்மை செய்வதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் என்ற கல்லூரி மாணவர், 1955இல் வாஷிங்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ஐந்து நிமிடப் பொம்மை நிகழ்ச்சி நடத்தினார். அதற்காக அவருடைய அம்மா தூக்கிப்போட்ட பழைய கோட்டை வெட்டி, ஒரு பிங்பாங் பந்தை இரண்டாகப் பிளந்து கண்ணாக ஒட்டிச் செய்ததுதான் கெர்மிட். பிற்பாடு தவளையாகி உலகப் புகழ் பெற்ற அந்தக் கெர்மிட், முதலில் தவளைகூட இல்லை. பல்லி மாதிரி ஏதோ ஒன்று. அந்த முதல் பொம்மை இப்போது ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதையெல்லாம் நான் இரவுச் சாப்பாட்டின்போது உணர்ச்சிகரமாக எடுத்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு என் மனைவி எழுந்து போய், பட்டுப்புடவை இருக்கும் பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

பட்டு கிடைக்கவில்லை என்றாலும் ரவிக்கைத் துணி கிடைத்தது. நம் ஊரில் வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நவராத்திரி என்று எது நடந்தாலும் தாம்பூலத்தோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பார்கள். அதை யாரும் தைப்பதில்லை. அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அதே துணி அப்படியே போகும். எங்கள் தெருவில் ஒரு சிவப்புத் துணி பல வருஷமாக வலம்வந்துகொண்டிருக்கிறது என்பது என் மனைவியின் கணிப்பு. மூலையில் ஒரு மஞ்சள் கறையை வைத்து அடையாளம் சொல்வாள். அந்தத் துணியின் பயணம் எங்கள் வீட்டில் முடிந்தது. அது இப்போது ஒத்தைச்சாமியின் அண்ணம்.

அண்ணத்துக்கு உள்ளே விறைப்பாக ஒரு அட்டை வேண்டும். காலண்டர் அட்டை கனம், மடிந்தால் உடையும். சீரியல் டப்பா அட்டை இரண்டு வசனத்தில் துவண்டுவிடும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நாங்கள் கண்டுபிடித்த உண்மை: பொம்மையின் வாய்க்குக் கல்யாணப் பத்திரிகைக்கு நிகரான பொருள் இந்த உலகத்தில் இல்லை. ஏற்கெனவே நடுவில் மடித்துத் தருகிறார்கள். மடிப்பு தேய்வதில்லை. ஃபெவிகாலை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. விநாயகர் படம் வெளிப்பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், அம்மா ஆட்சேபிக்க மாட்டாள்.

கண் வைப்பதுதான் பெரிய வித்தை. ஹென்சனிடம் டான் சாலின் என்று ஒரு பொம்மை செய்யும் நிபுணர் இருந்தார். இரண்டு கண்ணும் மூக்கும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டும், கருமணிகள் இலேசாக உள்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் பொம்மை நம்மைப் பார்ப்பதாகத் தோன்றும் என்பது அவர் கண்ட சூத்திரம். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். பொத்தான்களைக் கொஞ்சம் விலக்கி வைத்தால், பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று இலைக் கட்டையே பார்த்துக்கொண்டு, நம்மிடம் குசலம் விசாரிக்கும் பெரியப்பாவின் பார்வை வந்துவிடுகிறது. சேர்த்து வைத்ததும் சாமிக்கு ஒரு கவனம், ஒரு அக்கறை, ஒரு வட்டாட்சியருக்குரிய களை எல்லாம் வந்துவிட்டது. இத்தனைக்கும் அவை என் பழைய சட்டையின் பொத்தான்கள். அந்தச் சட்டையை நான் போட்டிருந்த காலத்தில் ஒரு களையும் வரவில்லை.

பேச வைப்பது அதைவிடப் பெரிய வித்தை. கையை உள்ளே விட்டு வாயைத் திறந்து மூடினால் போதும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படித் திறக்கும்போது எல்லாரும் மேலே இருக்கும் நாலு விரலையும் தூக்குவார்கள். மனிதர்கள் பேசும்போது மேல்தாடை எழும்புவதில்லை, கீழ்த்தாடைதான் இறங்குகிறது. நாலு விரலும் அசையாமல் நிற்க, கட்டைவிரல் மட்டும் கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் பொம்மை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை கூரையைப் பார்க்கும். மேலே பல்லி ஏதாவது இருக்கிறதோ என்று பார்க்கிறவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

எத்தனை தடவை கட்டைவிரலை இறக்குவது? இங்கேதான் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா பிரம்போடு சொல்லிக்கொடுத்த அசை பிரிப்பு எனக்கு உதவியது. நேரசைக்கு ஒரு முறை, நிரையசைக்கு இரண்டு முறை. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று பொம்மை சொல்ல வேண்டுமானால், நேர் நேர் நேர் நேர் நிரை நிரை, ஆகமொத்தம் எட்டுத் தடவை கட்டைவிரல் இறங்கி ஏற வேண்டும். ஒரு வாக்கியத்திலேயே விரல் வலி. ‘சாப்ட்டுட்டிருக்கேன்’ என்றால் ஐந்தோடு முடிந்தது. பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்ற பெரிய விவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், என் கட்டைவிரல் பக்கம். தொல்காப்பியரை மதிக்கிறேன்; அவர் சாக்ஸுக்கு வசனம் எழுதியவர் இல்லை.

சாமியை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. இப்போது படப்பிடிப்பு. பொம்மை மேலே, ஆட்டுகிறவன் கீழே என்பது கைப்பொம்மையின் விதி. நான் சோபாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கையை மட்டும் தூக்க வேண்டும். சோபாவின் உயரம், என் உயரம், என் முழங்காலின் வயது ஆகிய மூன்றும் ஒத்துப்போகவில்லை. முதல் வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போன அன்று சாயங்காலமே திருநெல்வேலியிலிருந்து அத்தை போன் செய்தாள். “பொம்மை ரெண்டும் நல்லாருக்குப்பா. அந்தச் சாக்ஸு சரி, கீழ வழவழன்னு ஒண்ணு பேசாமயே இருந்துச்சே, அது எதுல செஞ்ச? தேங்காயா?” அது என் உச்சந்தலை என்று நான் சொல்லவில்லை. தேங்காய் என்றே இருக்கட்டும்.

கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டக்காரர்களை நினைத்துப் பொறாமைப்பட்டது அப்போதுதான். அவர்கள் மேலேயிருந்து ஆட்டுகிறவர்கள். தலையில் ஒரு இரும்பு வளையத்தை மாட்டிக்கொண்டு, பொம்மையின் நூல்களை அந்த வளையத்தில் கட்டிவிடுவார்கள். பொம்மையின் கைகளைக் கம்பியால் ஆட்டுவார்கள். அவர்கள் தலையை அசைத்தால் பொம்மை உடம்பை அசைக்கும். அந்தப் பொம்மைகளில் பெரியவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் இருக்கும். பத்துக் கிலோவைத் தலையில் தொங்கவிட்டுக்கொண்டு அதைப் பரதம் ஆடவைக்கிறார்கள். நான் தூக்கிப் பிடிப்பதோ ஒற்றைச் சாக்ஸ்; பாட்டின் இரண்டாம் சரணத்துக்குள் கை மரத்துப்போய், சாமி மெல்ல மெல்லச் சோபாவுக்குப் பின்னால் அஸ்தமித்துவிடுகிறார். “அப்பா, சாமி முங்குது, சாமி முங்குது!” என்று மகள் கத்துவாள். அவள்தான் இயக்குநர். பன்னிரண்டு வயது. கருணை என்பதே கிடையாது. “ஒன் மோர்” என்பதற்கு அப்புறம் வேறு சொல்லை அவள் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

அடுத்து வந்தது இடது கை விவகாரம். சாமிக்கு ஒரு கையாவது இருந்தால் கும்பிடலாம், டாட்டா காட்டலாம் என்று உடைந்த குடையின் கம்பி ஒன்றை எடுத்துக் கை வைத்தோம். என் வலது கை சாமியின் தலைக்குள். அப்படியானால் கம்பியைப் பிடிப்பது என் இடது கை. அது ஆட்டுவது சாமியின் இடது கையை. கெர்மிட் உட்பட ஹென்சனின் பொம்மைகளில் பெரும்பாலானவை இடக்கைக்காரர்களாக இருப்பதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவில் இது ஒரு சுவாரஸ்யமான தகவல். எங்கள் வீட்டில் இது ஒழுக்கப் பிரச்சினை. ஒத்தைச்சாமி இடது கையால் லட்டு எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்து என் அம்மா துடித்துப்போனாள். “பிள்ளைங்க பாக்குத படத்துல பீச்சாங்கையால தின்னலாமா? வளர்ப்பு சரியில்லைன்னு சொல்ல மாட்டாவளா?” யாருடைய வளர்ப்பு என்பது முக்கியமான கேள்வி என்பதால் மாற்றினோம். என் இடது கை தலைக்குள் போனது. இடது கட்டைவிரலுக்கு யாப்பிலக்கணம் தெரியாது. அந்த வீடியோவில் சாமி பேசும் விதத்தைப் பார்த்தவர்கள், சாமி எந்தக் கடையிலிருந்து வருகிறார் என்று கேட்டார்கள். மறுபடி வலது கைக்கே திரும்பினோம்; சாமி இப்போது கேமரா முன்னால் எதையும் சாப்பிடுவதில்லை. விரதம்.

பட விஷயம் ஒருவாறு பிடிபட்டது. ஒலி பிடிபடவே இல்லை. நம் வீடுகள் பேசிக்கொண்டே இருக்கும் வீடுகள். குக்கர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், ஃபேன். ஃபேனை அணைத்தால் வியர்வை. சாக்ஸுக்குள் இருக்கும் கைக்கு வியர்த்தால் என்ன மணம் வரும் என்பதை நான் எழுதப்போவதில்லை. மீன்காரர் எங்கள் தெருவுக்கு வரும் நேரத்தை உலகக் கடிகாரம் எதுவும் சொல்ல முடியாது. சாமி உருக்கமான வசனத்தைத் தொடங்கும் நேரம் அது. கோயில் கொடைவிழா மாதங்களில் ஒலிபெருக்கி. எனவே குரலைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்ப்பது என்று முடிவாயிற்று. துணி நிறைந்த இடத்தில் எதிரொலி அடங்கும். பீரோ பூட்டியிருந்ததால் எனக்குக் கிடைத்தது கம்பளி. கட்டிலில் குப்புறப் படுத்து, தலை மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, போனை வாயருகே வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும்.

ஒருநாள் நான் அந்தக் கோலத்தில், “செல்லங்களா, எல்லாரும் பல்லு தேய்ச்சாச்சா? நாக்க வழிச்சாச்சா?” என்று கீச்சுக்குரலில் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க என் சித்தப்பா மகன் வந்துவிட்டான். கூப்பிட்டுப் பார்த்து, கதவைத் தள்ளிப் பார்த்து, கம்பளி பேசுவதைப் பார்த்து, அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கி அடுக்களைக்குப் போய் என் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறான்.

“மைனி, அண்ணனுக்கு இது எப்பயிருந்து?”

“மழை விட்டா சரியாயிரும்” என்றாளாம் அவள்.

நான் கம்பளியிலிருந்து வெளியே வந்து அவனை வரவேற்றேன். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டினான். என் அம்மா அதை வாங்கினாள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்தம் எதையும் பார்ப்பதற்கு முன்னால் அட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறை வளைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “நல்ல கனமா அடிச்சிருக்கப்பா. வாய் நல்லா நிக்கும்” என்றாள். கல்யாணத்தில் என்னைத் தனியாக விடக்கூடாது என்று அவன் ஒரு ஆளை நியமித்திருந்தான்.

ஒளிந்துகொண்டு பேசுவதால்தானே இந்த அவமானம், நேரில் உட்கார்ந்தே வாய் அசைக்காமல் பேசிவிட்டால் என்ன என்று அதற்கப்புறம் தோன்றியது. 1977இல் வந்த பாலசந்தரின் ‘அவர்கள்’ படத்தில் கமல்ஹாசன் ஜூனியர் என்ற பொம்மையோடு வருவார். அதைப் பார்த்த எங்கள் தலைமுறையில் கண்ணாடி முன்னால் உதட்டை இறுக்கிக்கொண்டு முக்காதவர்கள் குறைவு. இந்தக் கலைக்குத் தமிழ் ஒத்துழைப்பதில்லை. ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆக வேண்டும். வ வந்தால் கீழுதடு பல்லைத் தேடிப்போகும். உ, ஒ என்றால் உதடு குவியும். தமிழ்க் குழந்தை முதலில் சொல்லும் அம்மா, அப்பா இரண்டுமே இந்த வகையில் அவுட். மாமா இல்லை, பாட்டி இல்லை, பம்பரம் இல்லை, பப்படம் இல்லை. பப்படம் இல்லாமல் நாகர்கோவிலில் என்ன வசனம் எழுதுவது? கைதேர்ந்தவர்கள் ப-வுக்குப் பதில் நாக்கால் த-வைப் பக்குவமாகப் போட்டுச் சமாளிப்பார்கள். என் சாமி, ‘பருப்பு, பப்படம், பாயசம்’ என்பதைத் ‘தருத்து, தத்தடம், தாயசம்’ என்று சொல்லியது. என் மகன் அதை மலையாளம் என்று நினைத்தான்.

உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய நல்ல தமிழ் வாக்கியம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தால், எல்லாருக்கும் தெரிந்தது திருக்குறளில் 341ஆவது குறள். துறவு அதிகாரம். எதை எதை விட்டு விலகுகிறோமோ அததால் துன்பம் இல்லை என்பது கருத்து. சொல்லி முடிக்கும்வரை உதடும் உதடும் விலகியே இருக்கும். அதே அதிகாரத்தில் பற்றிக்கொள்ளச் சொல்லும் 350ஆவது குறளில் உதடு ஒட்டிக்கொண்டே போகும். ஆக, உதடு ஒட்டாமல் என் பொம்மை பேசக்கூடிய ஒரே விஷயம் துறவறம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுவது உசிதமில்லை என்று என் மனைவி சொன்னாள். கம்பளிக்கே திரும்பினேன்.

இதற்கு நடுவில் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மச்சினன் விடுமுறைக்கு வந்தான். “அத்தான், பேக்ரவுண்டு ரொம்பப் பழசா இருக்கு. சோபாவையே எத்தன நாள் காட்டுவீங்க? கிரீன் ஸ்கிரீன் போடுவோம்” என்றான். பின்னால் பச்சைத் துணியைக் கட்டிப் படம் எடுத்தால், பச்சை நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் மென்பொருள் நீக்கிவிட்டு நாம் கேட்கும் காட்சியை வைத்துவிடும். சாமியைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கே அழைத்துப்போகலாம் என்றான். பச்சைப் போர்வை ஒன்று கொடியில் ஏறியது. அன்றைக்குச் சாமியோடு நடிப்பதற்கு என்று அவனே தன் கையால் ஒரு புதுப் பொம்மையும் செய்திருந்தான். மீனாட்சி கையில் இருக்கும் கிளி. இலைப் பச்சை. வீடியோ தயாராகி வந்தபோது, அரண்மனை முற்றத்தில் ஒரு சிவப்பு மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் அந்தரத்தில் அலைந்து, “அக்கா! அக்கா!” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. என் மகன் இரண்டு நாள் தனியாகப் பாத்ரூம் போகவில்லை. “இது மாடர்ன் அத்தான்” என்றான் மச்சினன்.

பணம் வருமே என்று கேட்காதவர்கள் இல்லை. கணக்குச் சொல்கிறேன். யூடியூபில் நம் வீடியோவுக்கு விளம்பர வருமானம் வேண்டுமானால், ஆயிரம் சந்தாதாரர்களும், ஒரு வருஷத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர வேண்டும். எங்கள் வீடியோக்கள் இரண்டு நிமிடம். நாலாயிரம் மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். அதாவது 1,20,000 தடவை யாராவது முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு, பென்ஷன்காரர்கள் ராத்திரியும் முழித்திருந்தால் நடக்கலாம். திருநெல்வேலி அத்தை தயாராக இருக்கிறாள். மற்றவர்களிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பணத்தை விடுங்கள். சாமிக்குக் கிடைத்திருக்கும் அதிகாரத்தைச் சொல்கிறேன். என் அம்மா பிரஷர் மாத்திரையை மறப்பாள். நான் ஞாபகப்படுத்தினால், “எனக்குத் தெரியாதாக்கும்?” டாக்டர் சொன்னால், “அவரு அப்படித்தான் சொல்லுவாரு.” ராத்திரி எட்டு மணிக்கு ஒத்தைச்சாமி கதவிடுக்கில் தலையை நீட்டி, “ஆச்சி, மாத்திர?” என்கிறார். “இந்தா போட்டுட்டேன்யா” என்று எழுந்து போகிறாள். சாமிக்கு உள்ளே இருப்பது என் கை என்பது அவளுக்குத் தெரியும். அவள்தான் அந்தக் கையைப் பெற்றவள். என்றாலும் கைக்கு இல்லாத மரியாதை சாக்ஸுக்கு.

தெருவிலும் அப்படியே. எங்கள் தெருவில் ஒருவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். டேங்க் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடும். நான் பதமாகச் சொல்லிப் பார்த்தேன். “பாக்கேன் அண்ணாச்சி” என்பார். தண்ணீர் ஓடும். பிறகு சாமி ஒரு வீடியோவில், காகிதக் கப்பலில் உட்கார்ந்து எங்கள் தெரு வழியே பயணம் போனார். ‘இந்த ஆறு எந்த மலையில் உற்பத்தியாகிறது?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். அடுத்த வாரம் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார்க்காரரே அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, “பாத்தீங்களா அண்ணாச்சி, யாரோ நல்லா எடுத்திருக்கான். நாலு பேருக்கு அனுப்புங்க” என்றார். அனுப்பினேன்.

இந்த இரகசியம் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. சின்ன வயதில் நான் தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கிறேன். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து, ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளைத் திரையோடு ஒட்டி ஆட்டுவார்கள். ராமாயணம். ராமன், ராவணன், அனுமன், சீதை எல்லாருக்கும் ஒரே மனிதர் குரல். பாட்டும் அவர், வசனமும் அவர், ஆட்டும் கையும் அவர். இந்தக் கூத்தை நடத்துகிறவர்கள், தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்தவர்கள் என்று சொல்லப்படும், வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் எங்களைவிடச் சுத்தமான நாஞ்சில் நாட்டுத் தமிழ். நானோ இரண்டு குரலுக்கே திணறுகிறேன். சண்டைக் காட்சியில் வேகம் கூடினால் சாமியின் குரல் கிளிக்கும், கிளியின் குரல் எனக்கும் வந்துவிடுகிறது.

அந்தக் கூத்தில் நாங்கள் ராமனுக்காகக் காத்திருந்ததில்லை. உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் காத்திருந்தோம். கதையில் வால்மீகிக்கும் கம்பருக்கும் தெரியாத இரண்டு கோமாளிகள். ராவணன் சபையில் நுழைந்து உள்ளூர் விவகாரம் பேசுவார்கள். குண்டும் குழியுமான ரோடு, ஊர்ப் பெரிய மனிதரின் கஞ்சத்தனம், கணக்குச் சொல்லாத கொடைக் கமிட்டி எல்லாம் இலங்கையில் வெளிவரும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால் தன்னைத்தான் சொல்கிறான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதே வசனத்தைத் திரைக்கு முன்னால் வந்து மனிதனாக நின்று சொல்லியிருந்தால், கூத்து அன்றோடு முடிந்திருக்கும். தோல் சொன்னதால் தப்பித்தது.

வள்ளுவர் 1020ஆவது குறளில், மனசில் வெட்கம் இல்லாதவர்கள் நடமாடுவதைக் கயிற்றில் ஆடும் மரப்பாவையோடு ஒப்பிடுகிறார். வெட்கங்கெட்டவர்களை வைய வந்த குறள் அது. பொம்மைக்காரன் பக்கமிருந்து பார்த்தால் அதுவே நற்சான்றிதழ். பொம்மைக்கு வெட்கமில்லை, தயவு தாட்சண்யமில்லை, நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்ற யோசனை இல்லை. உண்மை பேசுவதற்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அதற்கு இருக்கிறது.

அந்தத் தகுதி என் பக்கமும் திரும்பும் என்பதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் சாமிக்குள் என் கை மட்டும் போவதில்லை. மகள் கை போகிறது, “இந்த வீட்ல ஒருத்தர் சாப்பிடும்போதும் போனப் பாத்துட்டே சாப்பிடுதாரு. பேரு சொல்ல மாட்டேன். தலை வழவழன்னு இருக்கும்.” மகன் கை போகிறது, “சைக்கிள் வாங்கித் தாரேன்னு சொன்னவங்க கை தூக்குங்க.” ஒருநாள் காலையில் என் மனைவியின் வளையல் சத்தத்தோடு சாமி வந்து, கேஸ் புக் பண்ணியாயிற்றா, கரண்ட் பில் கட்டியாயிற்றா, கல்யாண நாள் என்றைக்கு என்று வரிசையாக விசாரித்தார். கடைசிக் கேள்விக்கு நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். “சாமி பேசிட்டிருக்கும்போது குறுக்க பேசாதடே” என்றாள் என் அம்மா.

வீட்டில் யாரும் பேச்சைக் கேட்கவில்லை என்று குறைப்படுகிற குடும்பத் தலைவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். பின்விளைவுக்கு நான் பொறுப்பில்லை. பள்ளி ஆண்டுவிழா, கோயில் கொடை நடத்துகிறவர்கள், சினிமாப் பாட்டுக்கு ஆடுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தையும், அதற்கான பணத்தையும் எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களுக்குக் கொடுத்துக் கூப்பிடுங்கள். ஒரே மனிதர் பத்துத் தலை ராவணனைச் சமாளிப்பதைப் பார்த்த பிறகு, ஒற்றைச் சாக்ஸை வைத்துக்கொண்டு நான் அலட்டிக்கொள்வதை நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள், பரவாயில்லை. கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கனமான அட்டையில் அடித்து நேரில் கொண்டுவந்து தாருங்கள். மொய் கட்டாயம் உண்டு. கம்பளிக்குள்ளிருந்து யாராவது பேசினால் பயப்பட வேண்டாம்.